நாலு பக்கமும் சிவப்பு

போன வாரம் நாம் கதையை நிறுத்தும்போது இன்ஜினியரம்மா போனைக் காதில் வைத்தபடி வாயடைத்து நின்றாள், நினைவிருக்கிறதா? "சோதனை நாள் அன்னிக்குச் சந்திப்புல யாருக்கு டியூட்டி?" என்று அவள் கேட்டிருந்தாள். "உங்க வீட்டுக்காரருக்குத்தான் மேடம். அவரே கேட்டு வாங்கிக்கிட்டார்" என்று மறுமுனை சந்தோஷமாகச் சொன்னது.

அந்தச் சந்தோஷத்தில் அவளால் கலந்துகொள்ள முடியவில்லை.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரம்மாவுக்கு நகரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை. எந்தச் சந்திப்பில் எந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவள் அவள். அவள் கணவர் போக்குவரத்துக் காவலர். ஆஸ்பத்திரி சந்திப்பில் இருபது வருஷமாக நின்று கை காட்டுகிறார். அக்கம்பக்கத்தில், சொந்தபந்தத்தில், ஏன் வீட்டிலேயேகூட அவருக்குப் பெயர் 'விசில்'. விசிலின் தங்கை சின்னவள், நகரப் பேருந்து ஓட்டுகிறாள். மூன்று பேரும் ஒரே வீடு. மூன்று பேருக்கும் சோறு போடுவது ரோடு. அதனால் ரோட்டைப் பற்றி ஒரு பேச்சு ஆரம்பித்தால் அந்த வீட்டில் மூன்று பேரும் பேசுவார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது.

இந்தச் சந்திப்பின் ஒரு மூலையில் ஆஸ்பத்திரி, எதிர்மூலையில் பள்ளிக்கூடம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இரண்டு ரோடுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு ரோட்டின் நடுவிலும் இரண்டு பேர் ஒட்டி நிற்கிற அளவுக்கு ஒரு நடுத்திட்டு. கட்டுப்பாட்டு அறையின் திரையில் இன்ஜினியரம்மா தினமும் பார்ப்பாள். ஊன்றுகோல் வைத்த ஒரு அக்கா ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து கிளம்புவார். பாதி தூரத்தில் விளக்கு மாறிவிடும். திட்டின் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்பார். பேருந்துகள் அவர் புடவைத் தலைப்பை உரசிக்கொண்டு போகும்.

அதைப் பார்த்துப் பார்த்து அவள் போட்ட திட்டம்தான் இது. ஒவ்வொரு சுற்றிலும் அரை நிமிஷம் நாலு பக்கமும் சிவப்பு. எல்லா வண்டியும் நிற்கும். மனிதர்கள் நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை, இஷ்டம்போல் நடக்கலாம்.

இயக்குநர் ஒரே ஒரு நாள் அனுமதி கொடுத்தார், அதுவும் அரை மனதோடு. "சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் பார்ப்போம். ஆனா வண்டி வரிசை பாலத்தத் தொடக் கூடாது. ஆம்புலன்ஸ் எல்லாம் பாலத்து வழியாத்தான் வருது. ஒரு தடவை தொட்டாலும் உங்க திட்டத்த மூட்ட கட்டி வச்சிடுங்க."

அந்த ஒரு நாள் இன்று.

காலையில் விசில் தன் வெள்ளைக் கையுறைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வேட்டிக்குக்கூட அவர் அவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றாள் இன்ஜினியரம்மா. "இன்னிக்கு விளக்கு அது வேலைய அது பார்த்துக்கும். நீங்க கைய மட்டும் சும்மா வச்சிருங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? பத்துத் தடவ சொல்லிட்ட."

"பதினோராவது தடவையும் சொல்லுங்க அண்ணி" என்றாள் சின்னவள், செருப்பை மாட்டியபடி. "அண்ணன் தூக்கத்துலயே கை காட்டுற ஆளு. நேத்து ராத்திரி ஃபேன நிறுத்தி வச்சாரு."

"உன் பஸ் கோட்டத் தாண்டட்டும், அப்ப தெரியும் என் கை" என்றார் விசில். மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் பத்திரப்படுத்தி வையுங்கள், பிற்பாடு தேவைப்படும்.

எட்டு மணிக்குக் கட்டுப்பாட்டு அறை நிரம்பி வழிந்தது. வேலை இருப்பவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. கேமராக்களைக் கவனிக்கும் அண்ணன் பல்வலிக் கன்னத்தைப் பிடித்தபடி நாலு திரைகளையும் ஆஸ்பத்திரி சந்திப்புக்குத் திருப்பினார்.

"புது நேரம் ஏத்தியாச்சு மேடம். அடுத்த சுற்றுல வந்துடும்."

வந்தது. ஒரு பக்கம் சிவப்பு, இரண்டு, மூன்று, நாலு. வண்டிகள் எல்லாம் நின்றன. அந்த அகலமான சந்திப்பு ஒரு நொடி வெறிச்சென்று கிடந்தது. இன்ஜினியரம்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பள்ளிக்கூடப் பக்கமிருந்து நாலைந்து பிள்ளைகள் தயங்கித் தயங்கி ரோட்டில் கால் வைத்தார்கள்.

நடுவில் நின்ற விசிலின் வலது கை எழுந்தது. ஆஸ்பத்திரிப் பக்கத்து வண்டிகளைப் பார்த்து, "வா, வா" என்று அழகாக வளைந்தது.

அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள்கள் பாய்ந்தன. பிள்ளைகள் அலறிக்கொண்டு நடைபாதைக்கே திரும்பினார்கள்.

"ஐயோ!" என்று தலையில் கை வைத்தார் கேமரா அண்ணன். இன்ஜினியரம்மா வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள்.

"கட்டுப்பாட்டு அறை பேசுது. என்ன பண்றீங்க?"

"ரோடு காலியா இருந்துச்சு" என்றது கரகரப்பான குரல். "அதான் விட்டேன்."

"காலியா இருக்கணும்னுதாங்க நிறுத்தியிருக்கோம்! மனுஷங்க நடக்கறதுக்கு!"

"ஆமா, ஆமா. பழக்கதோஷம். இனிமே இல்ல."

அடுத்த சுற்றிலும் கை எழுந்தது. பாதியில் நினைவு வந்து, தலையைச் சொறிவதுபோல் இறங்கியது. ஆனால் அதற்குள் ஒரு வேன் கிளம்பிவிட்டது. வேனைப் பார்த்து நாலு ஆட்டோ. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காலி ரோட்டைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். இருபது வருஷம் காலி ரோட்டை நிரப்புவதுதானே அவர் தொழில்! ஓட்டுபவர்களையும் சொல்ல முடியாது. விளக்கு என்ன சொன்னாலும் காவலரின் கைதான் பெரிது என்பது சட்டம். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது முதலில் மனப்பாடம் செய்வதே அதைத்தான்.

இயக்குநர் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்ஜினியரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "வரிசை இப்பவே பாலத்துக்குப் பாதி தூரம் வந்துடுச்சே" என்றார். அவமானத்தில் அவள் காது மடல் சுட்டது.

மூன்றாவது சுற்று. ஆஸ்பத்திரிப் பக்கத்தில் முதல் வண்டியாக ஒரு பேருந்து வந்து கோட்டுக்கு முன்னால் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் சின்னவள்.

நாலு பக்கமும் சிவப்பு. இம்முறை ஜனங்களுக்குத் தைரியம் வந்திருந்தது. பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு எதிரே ஊன்றுகோல் அக்காவும் இறங்கிவிட்டார். அப்போது பார்த்துப் பின்னாலிருந்து யாரோ விடாமல் ஹாரன் அடிக்க, அந்தச் சத்தத்துக்கு விசிலின் கை தானாக எழுந்தது. "வா, வா."

பேருந்து அசையவில்லை.

கை மறுபடி அழைத்தது. பேருந்து அசையவில்லை. ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் பின்னால் இருந்த ஒரு வண்டியாலும் முன்னே வர முடியவில்லை. அதற்குள் பிள்ளைகள் குறுக்காக ஓடிக் கடந்துவிட்டார்கள். ஊன்றுகோல் அக்கா நடந்தார். நடுத்திட்டை ஒட்டி வந்தார், பழக்கத்தில் கம்பத்துக்குக் கை நீட்டினார், பிறகு அது தேவையில்லை என்று தெரிந்து கையை எடுத்தார். நிற்காமல் எதிர்மூலைவரை நடந்து, நடைபாதையில் ஏறி, திரும்பிப் பார்த்தார்.

கட்டுப்பாட்டு அறையில் கைதட்டல் எழுந்தது. கேமரா அண்ணன் பல்வலியை மறந்து விசிலடித்தார். இன்ஜினியரம்மா அழுதாள். அதை மறைக்கவும் இல்லை.

சந்திப்பில் கதை வேறு. விசில் பேருந்தின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"கூப்பிட்டேன்ல?"

"விளக்கு சிவப்பு அண்ணா. பிள்ளைங்க வேற இறங்கிட்டாங்க. எப்படி எடுப்பேன்?"

"விளக்கா பெருசு, கை பெருசா?"

"இன்னிக்கு விளக்குதான்னு அண்ணி பதினோரு தடவ சொன்னாங்க. நீங்கதான் எண்ணிக்கிட்டிருந்தீங்களே!"

பேருந்துக்குள் குபீரென்று சிரிப்பு. பின் இருக்கையிலிருந்து ஒருவர், "அண்ணன் தங்கச்சிப்பா. எல்லாம் நாடகம். சொந்தக்காரங்கன்னா விட்டுடுவாரு" என்றார்.

அந்த வார்த்தைதான் விசிலைச் சுட்டது. தன் கல்யாணத்தன்றே, மண்டப வாசலை மறித்து நின்ற மாமனாரின் காருக்கு அபராதம் போட்டவர் அவர். இடுப்பிலிருந்த வழக்குப் போடும் மெஷினை எடுத்தார். பேருந்து எண்ணைத் தட்டினார். 'காவலரின் கை சைகைக்குக் கீழ்ப்படியாமை' என்பதைத் தட்டினார். மெஷின் 'டிங்' என்றது.

சின்னவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். விளக்கு பச்சையானதும் வண்டியை எடுத்தாள்.

மத்தியானம் இன்ஜினியரம்மா நேரே சந்திப்புக்கே வந்துவிட்டாள். நடைபாதையில் சிக்னல் பெட்டியின் நிழலில் விசில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கூடப் பிறந்தவ மேல வழக்கா?"

"கடமை" என்றார் அவர். குரலில் சுரத்து இல்லை. பாட்டிலை மூடினார். "அவ மேல கோவமில்ல. எனக்கு இங்க என்ன வேலைன்னு சொல்லு. கையக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கு ஒரு கம்பம் போதாதா?"

அவளுக்கு அது சுருக்கென்றது. விளக்குகளைப் பற்றி ஆறு மாதம் யோசித்தவள், அதன் அடியில் நிற்கிற மனிதரைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

"வேலை இருக்கான்னு எனக்கு இப்பத் தெரியல" என்றாள் உண்மையாகவே. "சாயங்காலம் வரைக்கும் எனக்காகக் கையப் பின்னால கட்டிக்கோங்க. அப்புறம் சண்ட போட்டுக்கலாம்."

அவர் முறைத்தார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டார். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிலைபோல் நின்றார். அது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு நாலு பக்கச் சிவப்புக்கும் அவர் தோள் துடித்ததை, அறைக்குத் திரும்பிவிட்ட அவளும் மற்றவர்களும் திரையில் பார்த்தார்கள்.

பிற்பகல் அற்புதமாகப் போயிற்று. வரிசை குறைந்தது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் குறுக்கே நடப்பதையே ஒரு விளையாட்டாக்கி, போய்ப் போய்த் திரும்பி வந்தார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் நடு ரோட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இயக்குநர்கூட ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மணி. அலுவலகங்கள் விட்டு ஊரே ரோட்டுக்கு வந்த நேரம். பின்னால் பார்க்காமல் பின்னோக்கி வந்த ஒரு சாமான் வேன், நடைபாதையில் ஏறி, சிக்னல் பெட்டியை இடித்தது.

நாலு பக்கமும் விளக்கு அணைந்தது.

சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. நாலு பக்கத்திலிருந்தும் வண்டிகள் மூக்கை நீட்டின. ஹாரன் சத்தம் திரையைத் தாண்டிக் கேட்பதுபோல் இருந்தது.

"பெட்டி போச்சு மேடம்" என்றார் கேமரா அண்ணன். "ஆள் அனுப்பியாச்சு. ஆனா ஏழுக்குள்ள நடக்காது."

இயக்குநர் எழுந்துவிட்டார். "சோதனைய முடிச்சுக்கலாம். அவர பழைய முறையில கை காட்டச் சொல்லுங்க. ரெண்டு பக்கம் விடு, ரெண்டு பக்கம் நிறுத்து."

திரையில் விசில் ஏற்கெனவே நடுச் சந்திப்புக்கு ஓடியிருந்தார். மத்தியானத்திலிருந்து கட்டியிருந்த கை இப்போது விடுதலை. ஆனால் அது எழவில்லை. அவர் கேமராவைப் பார்த்தார். நேராக, அவளைப் பார்ப்பதுபோலவே.

வயர்லெஸ் கரகரத்தது. "சொல்லு. எப்படி நிறுத்தட்டும்?"

அவள் இயக்குநரைப் பார்க்கவில்லை. "நாலு பக்கமும்" என்றாள். "உங்களால முடியுமா?"

"நாலு பக்கமும் நிறுத்தற சைகை எங்க பயிற்சியிலயே கிடையாது. முன்னால நிறுத்து, பின்னால நிறுத்து, அவ்வளவுதான்." ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி. நீ எண்ணு. நான் நிறுத்தறேன்."

அவள் எண்ணினாள். இரண்டு பக்கம் விட்டார், நிறுத்தினார். அடுத்த இரண்டு பக்கம் விட்டார், நிறுத்தினார். "இப்ப!" என்றாள் அவள்.

விசில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார். உள்ளங்கைகளை வெளியே விரித்தார். நீளமாக, மூச்சு முட்டுகிற அளவுக்கு நீளமாக ஊதிக்கொண்டே நின்ற இடத்தில் மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். எந்தப் பயிற்சியிலும் இல்லாத சைகை. அந்த நிமிஷம் அவர் கண்டுபிடித்தது.

மூன்று பக்கத்து வண்டிகள் குழம்பி, ஊர்ந்து, நின்றன. நாலாவது பக்கத்தில் ஒரு பேருந்து வேகமாக வந்துகொண்டிருந்தது. அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் அந்தக் கைக்கு அசையாதவள். அந்தக் கையாலேயே வழக்கு வாங்கியவள். இப்போது நிற்பாளா?

கோட்டுக்கு முன்னால், அங்குலம் தாண்டாமல், நின்றாள். நின்றது மட்டுமில்லை. ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்து, அண்ணனைப் போலவே உயர்த்திக் காட்டினாள். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து நின்றார்கள். எதிர்ப்பக்கத்துப் பேருந்து ஓட்டுநரும் கையை நீட்டினார். பிறகு ஒரு லாரிக்காரர். நாலு பக்கமும் ஜன்னல்களில் கைகள். நடுவில் ஜனங்கள் நடந்தார்கள்.

"பாலம்! பாலத்தப் பாருங்க!" என்று கத்தினார் கேமரா அண்ணன்.

வரிசையின் கடைசியில் ஒரு தண்ணீர் லாரி. அதற்கும் பாலத்துக்கும் நடுவில் ஒரு கார் நுழைகிற இடம். இன்ஜினியரம்மா எண்ணுவதை நிறுத்தவில்லை. விசில் சுற்றினார், விட்டார், நிறுத்தினார். தண்ணீர் லாரி ஓரடி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் அறையில் 'ஹோ'வென்று சத்தம். யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள்.

ஏழு மணி அடிக்கும்வரை வரிசை பாலத்தைத் தொடவே இல்லை. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்கும் நடக்கட்டும்" என்றார். "நாளைக்கு மட்டுமில்ல, தொடர்ந்து. அப்புறம்... அந்தச் சைகை. அத எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கணும். யார் கத்துக் கொடுத்தாங்க அவருக்கு?"

"யாருமில்ல சார்" என்றாள் அவள்.

அன்றைக்குக் கடைசி நடை முடிந்து காலியாக டிப்போவுக்குத் திரும்பிய பேருந்தில் மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். விசிலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கையுறை கறுத்துப் போயிருந்தது. ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"நாலு பக்கமும் நான் ஒருத்தனே!" என்றார், ஏழாவது முறையாக.

"நான் நின்னதாலதான் மத்தவங்க நின்னாங்க" என்றாள் சின்னவள்.

"நான் எண்ணினதாலதான் நீங்க ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தாள் இன்ஜினியரம்மா. காலையில் கேட்ட அதே சிரிப்பு மறுபடி கேட்டது.

சின்னவள் பேருந்தை டிப்போ தெருவுக்குத் திருப்பும்போது அவள் போன் கிணுகிணுத்தது. அண்ணி எடுத்துப் படித்தாள். படித்ததும் சிரிப்பு நின்றது.

"காலைல போட்ட வழக்கு டிப்போவுக்குப் போயிருக்கு. நாளைக்கு விசாரணை. அது முடியற வரைக்கும் நீ வண்டி எடுக்கக் கூடாதாம்."

"அட, நான் வாபஸ் வாங்கிடறேன்!" என்றார் விசில்.

"முடியாதுங்க. மெஷின்ல ஏறினது இறங்காது. சொந்தக்காரங்கள யாரும் விட்டுடக் கூடாதுன்னு எங்க ஆபீஸ்தான் அப்படிச் செஞ்சு வச்சிருக்கு."

அடுத்த நிமிஷம் இன்ஜினியரம்மாவின் போனே அடித்தது. இயக்குநர். காலை நேரத்துக் கேமராப் பதிவோடு அவளே வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். கை சரியா, விளக்கு சரியா? இரண்டில் ஒன்றுதான் பதில்.

அவள் போனை மடியில் வைத்தாள். கை சரி என்றால் சின்னவளின் கையிலிருந்து பேருந்து போய்விடும். விளக்கு சரி என்றால், தப்பாகக் கை காட்டினார் என்று இருபது வருஷச் சந்திப்பு அவரிடமிருந்து போய்விடும்.

"சாயங்காலம் நான் செஞ்சத எடுத்துச் சொல்லேன்" என்றார் விசில், மெதுவாக.

"கேக்கப் போறது காலைல நடந்ததத்தான்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அப்போ நடந்தது நடந்தபடி சொல்லு" என்றார்.

டிப்போ திருப்பத்தில் விளக்கு சிவப்பாக இருந்தது. ரோட்டில் ஒரு வண்டி கிடையாது, ஒரு ஆள் கிடையாது. சின்னவள் கோட்டுக்கு முன்னால் பேருந்தை நிறுத்தினாள்.

விசிலின் வலது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது.

"அண்ணா" என்றாள் சின்னவள், கண்ணாடியில் பார்த்து. "கை."

அவர் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். விளக்கு பச்சையாகும்வரை அதை எடுக்கவில்லை.